ஈர வேட்டியோடு பெண் கேட்கப் போகலாமா?

1

இந்தக் கதை ஒரு பஸ் ஜன்னலில் கிடைத்தது. ஐம்பத்துநாலாம் வருஷம், இலங்கை மலைநாட்டு ஹாலிஎலையில் ஏறிய ஒருவர், துவைத்த வேட்டியை வெளியே நீட்டிக் காயவைத்துக்கொண்டே பதுளை வரைக்கும் வந்தார். முகத்தில் துளி வெட்கமில்லை. நான் பெயரைக் கேட்கவில்லை. கடைவீதியில் வளர்ந்தவனுக்குத் தெரியும்: சரக்கின் ஊர் தெரியாதவரைக்கும்தான் விலையைக் கூட்டிச் சொல்லலாம்.

2

நமுனுகுல மலையை மூடுபனி ஆரத் தழுவியிருந்த அந்தத் துயரம் தோய்ந்த—

வேண்டாம். இந்த ரகம் மூலையில் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. வேறொன்று விரிக்கிறேன்.

பதுளைத் துணிக்கடை ஒன்றுக்காகத் தோட்டம் தோட்டமாகப் போய் ஓடர் எடுக்கும் வைரவநாதன், உடுத்திய வேட்டி சட்டைக்கு மேல் வேட்டி காயும்வரை சுற்றிக்கொள்ள ஒரு கட்டம்போட்ட சாரமும் ஒரு சவுக்காரக் கட்டியும் தவிர எதையும் சுமப்பதில்லை. போகிற இடத்துப் பீலியில் மலைத் தண்ணீர் குழாய்போல் கொட்டும்; துவைப்பான். தேயிலைச் செடிமேல் விரிப்பான். காய்ந்ததும் கிளம்புவான்.

இன்று பொழுது சாய்வதற்குள் மாரிசாமிக் கங்காணி வீட்டுக்குப் போய், மகள் பரிமளத்தைக் கேட்டாக வேண்டும். தவறினால், அவளைப் பெண் கேட்டு வந்திருக்கும் மொனராகலைக்காரர்கள் வெற்றிலைபாக்கு மாற்றிவிடுவார்கள். அவர்கள் வந்து உட்கார்ந்தாயிற்று.

ஏறி வந்த வழியில் அட்டை கடித்து வேட்டியெல்லாம் இரத்தம்.* கங்காணி வீட்டுக்குக் கீழே இருந்த பீலியில் துவைத்தான். பனியில் காயவில்லை. ஈர வேட்டியோடு ஆள் நிற்பது இழவு வீட்டில்தான். சாரத்தோடு போனால் கோழி பிடிக்க வந்தவன்போல் இருக்கும்.

(*அட்டை கடித்தால் வலிக்காது. வேட்டி சொல்லித்தான் தெரியும்.)

3

[இவன்மேல் எனக்கொரு சந்தேகம். மாற்று வேட்டி ஒன்று எடுத்து வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. துணி விற்கிறவனுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் கைவீசி நடப்பதில் அவனுக்கொரு போதை. அந்த நடையில் மலைப்பாதையே கனவில் வருவதுபோல் இருக்குமாம்.]

குடத்தோடு பீலிக்கு வந்த, கங்காணியின் அடுத்த வீட்டு இராக்கம்மா, சாரத்தில் நின்றவனைக் கண்டு சிரித்தாள்.

"என்னங்க கடைக்காரரே, ஊருக்கெல்லாம் துணி விக்கிறீங்க, உங்களுக்கு ஒரு மாத்து வேட்டி இல்லையா?"

"மூட்டை சுமக்கிறது கழுதை செய்யிற வேலை, அக்கா."

"கழுதைகிட்டயாவது இந்நேரம் காஞ்ச வேட்டி இருந்திருக்கும். இருங்க, பரிமளம் புள்ளைகிட்டச் சொல்றேன்."

4

முடிவு ஒன்று: திடீரென வெயில் அடித்தது. நமுனுகுலவில், அந்த நேரத்தில்! யாரும் வாங்கமாட்டார்கள். மடித்து வைக்கிறேன்.

முடிவு இரண்டு: மொனராகலை மாப்பிள்ளை மனமிரங்கித் தன் வேட்டியையே அவிழ்த்து— பெண்கள் இருக்கிற இடம், வேண்டாம்.

பரிமளமே இறங்கி வந்தாள். வேட்டியின் மறுமுனையைப் பிடித்தாள். காயட்டுமென்று இருவரும் வீசினார்கள். பனி துணிக்குள் புகுந்து வெளியே வந்தது. வேட்டி எங்கே முடிந்து பனி எங்கே தொடங்குகிறதென்று தெரியவில்லை. செடிகள் போயின, மலை போயிற்று, பீலியின் சத்தம்கூட எங்கோ தூரத்து ஊரில் கேட்டது. நாலு முழத்துக்கு அப்பால் அவள் முகமும் மறைந்தது. குரல் மட்டும் வந்தது.

"ஈரமா இருந்தா இருக்கட்டும், அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். எனக்கு வேற பயங்க."

"என்ன பயம்?"

"இன்னொரு வேட்டியே பாரம்னு நெனைக்கிற ஆளு நீங்க. நான் பாரமில்லையா?"

அவன் வீசுவதை நிறுத்தினான்.

"மேல வெத்தலைத் தட்டு எடுத்து வச்சாச்சு. சொல்றதுன்னா இப்பவே சொல்லுங்க. இல்லன்னா உங்க முனையை விட்ருங்க, நான் போறேன்."

5

இரண்டு பதில் எழுதிப் பார்த்தேன். அழகாகப் பேசவைத்தால் சரக்கு தள்ளுகிறவன் பேச்சாக இருக்கிறது; அவளும் நம்பமாட்டாள், நானும் நம்பவில்லை. பேசாமல் நிற்கவைத்தால்—

இங்கிருந்து பார்த்தால் எனக்குப் பனிதான் தெரிகிறது. நீங்கள் கொஞ்சம் இறங்கி வாருங்கள். பரிமளத்தின் கைக்குப் பக்கத்தில் உங்கள் கையையும் வைத்துப் பாருங்கள்.

அவன் முனையிலிருந்து துணி இழுக்கிறதா, தொய்கிறதா?