சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்

கயல்விழியும் அவள் தங்கை செம்மொழியும் பள்ளிக்குப் போவதில்லை. திருத்துறைப்பூண்டியில் வீட்டிலேயே அம்மா வானதியிடம் படித்துத் திறந்தநிலைப் பள்ளித் தேர்வு எழுதுகிறவர்கள். இந்த வருட வரலாற்றுப் பாடத்துக்காக, சுற்றுவட்டாரத்தில் இருக்கும் முன்னாள் இராணுவத்தினரைச் சந்தித்து அவர்கள் பேசுவதைப் பதிவு செய்துவந்தார்கள். கேள்வி கேட்பது பெரியவள். மைக்கும் போனும் சின்னவள் பொறுப்பு. கார் ஓட்டிக் கூட்டிப்போவது வானதி.

அவர்கள் சந்தித்தவர்களில் மங்களாம்பிகைதான் முதல் பெண். இராணுவ மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் ஊராக மாற்றலாகிப் போன கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர், கார்கில் போரைப் பற்றிப் பேச்சு வந்ததும் நிதானமானார்.

"அப்ப காஷ்மீர்ல இருந்தேன். கண்ணிவெடில கால் சிதைஞ்சு ஒரு பையன் வந்தான். வைரக்கண்ணு. வலங்கைமான் பக்கம். முழங்காலுக்குக் கீழ எடுக்கணும்னு டாக்டர் சொன்னாரு. இவன் சம்மதிக்கல. வயல்ல எறங்க முடியாதவன் இருந்து என்ன பண்றதுன்னு கேட்டான். அந்த வார்டுல தமிழ் பேசறது நான் ஒருத்திதான். பக்கத்துலயே உக்காந்து, பேசிப் பேசிச் சம்மதிக்க வச்சேன்."

"அப்புறம்?" என்றாள் கயல்விழி.

"ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சவன் என்னைப் பாத்தான். சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டான். அதோட எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. செயற்கைக் கால் வைக்கப் புனேவுக்கு அனுப்பிட்டாங்க. உயிரோட இருக்கானா, மனசு வெறுத்து ஏதாவது பண்ணிக்கிட்டானான்னு இன்னிவரைக்கும் தெரியாது."

"நீங்க தேடிப் பாக்கலையாம்மா?"

"இதே ஜில்லாதான். தேடியிருக்கலாம். இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா?"

மைக்கைக் கழற்றும்போது செம்மொழி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நாங்க தேடட்டுமா?"

மங்களாம்பிகை வாசல் வரை வந்து வழியனுப்பியபோதுதான் சொன்னார். "தேடுங்க. நல்ல சேதின்னா மட்டும் போன் பண்ணுங்க."

போன மாதம் பேட்டி கொடுத்த இராஜாங்கத்தின் ஊர் வலங்கைமான்தான். அவரும் இராணுவத்தில் இருந்தவர். காரில் ஏறியதும் வானதி அவரைப் போனில் கூப்பிட்டாள். "அந்தப் பேருல இங்க நாலஞ்சு பேரு இருக்காங்களேம்மா. மிலிட்டரிக்காரரு ஒருத்தரு உண்டு. காலு விவரம் எனக்குத் தெரியாது" என்று சொல்லி நம்பரைக் கொடுத்தார்.

அந்த நம்பருக்குக் கயல்விழிதான் பேசினாள். காஷ்மீர் மருத்துவமனையில் இருந்த தமிழ்ச் செவிலியரைப் பற்றிச் சொன்னதும் மறுமுனையில் இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தச் சத்தமும் நின்றது.

"அவங்க எங்க இருக்காங்க?"

சொன்னாள்.

"கூட்டிக்கிட்டு வாங்க" என்று போனை வைத்துவிட்டார்.

ஆள் உயிரோடு இருக்கிறார். ஆனால் அந்தக் குரலில் மகிழ்ச்சியா கோபமா என்று கயல்விழிக்குப் பிடிபடவில்லை. மங்களாம்பிகைக்குப் போன் செய்து இரண்டையும் மறைக்காமல் சொன்னாள்.

"கோவமா இருந்தாலும் பரவால்ல. திட்டட்டும்" என்றவர், மறுநாளே பட்டுப் புடவை கட்டிக்கொண்டு அவர்களோடு கிளம்பிவிட்டார்.

சம்பா நடவு நேரம். வலங்கைமான் தாண்டி ஒரு வாய்க்கால் கரையில் கார் நின்றது. வயலுக்குள் நடவு இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர் இவர்களைப் பார்த்ததும் வரப்போரமாகக் கொண்டுவந்து நிறுத்தினார். தலை பாதி நரைத்திருந்தது. இறங்கி, வரப்பில் கிடந்த தடியை எடுத்து ஊன்றி வந்து, மங்களாம்பிகைக்கு எதிரே விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

"பொய் சொல்லிட்டீங்க சிஸ்டர்" என்றார்.

மங்களாம்பிகை அவருடைய செயற்கைக் காலைப் பார்த்தார்.

"இந்தக் காலோட வயல்ல எறங்கலாம்னீங்க. எறங்கினேன். சேத்துல கால் அங்கயே நின்னுக்கிச்சு. நான் மட்டும் குப்புற விழுந்தேன்."

கஞ்சித் தூக்கோடு வந்த அவர் மனைவி வள்ளியம்மை சிரித்தார். "மூணு பேரு சேந்து அந்தக் காலைப் புடுங்கினோங்க. இந்த மிஷின் வந்தப்புறம்தான் மறுபடி வயலுக்குள்ள போறாரு."

மங்களாம்பிகைக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கேட்டார். "அன்னிக்கு ஏன்ப்பா பேசல? அவ்வளவு கோவமா?"

வைரக்கண்ணு மனைவியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "கோவம் எதுக்கு? அழுகை வந்துருச்சு. நீங்க பாத்துடக் கூடாதுன்னுதான் திரும்பிக்கிட்டேன். பேச வாயத் தொறந்தா நிக்காதுன்னு தெரியும். ஊருக்கு வந்து உங்களப் பத்தி விசாரிச்சேன். பேரு தெரியாம, சிஸ்டர்னு மட்டும் சொன்னா யாருக்குத் தெரியும்?"

மங்களாம்பிகை வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பட்டுப் புடவையில் சேறு பட்டதை அவர் கவனிக்கவில்லை. வள்ளியம்மை அவர் கையில் கஞ்சி டம்ளரைக் கொடுத்தார். செம்மொழி மைக்கைக் காட்டி, "பதிவு பண்ணலாமா?" என்று கேட்டாள்.

"பண்ணு பாப்பா. நான் விழுந்ததிலேர்ந்து ஆரம்பிக்கறேன்" என்றார் வைரக்கண்ணு.

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மன்னார்குடி வருவதற்குள் மங்களாம்பிகை கயல்விழியின் தோளில் தலை சாய்த்துத் தூங்கிப்போனார். எதிரே மாடுகள் சாலையை அடைத்துக்கொண்டு வந்தன. வானதி ஹாரன் அடிக்காமல் காரை நிறுத்தி, அவை போகும்வரை காத்திருந்தாள்.