ராத்திரி என்ன சாப்பிட்டார்?

குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க அடுக்களைக்கு வந்த நாகஜோதி, குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டு ஹாட்பாக்ஸைத் திறந்தாள். மூன்று சப்பாத்தியும் அப்படியே இருந்தன. மூடியின் ஈரம் சொட்டி நடுவில் நைந்து, ஓரம் மட்டும் விறைத்து, நேற்று அவள் அடுக்கி வைத்த வாக்கிலேயே கிடந்தன.  குடம் நிரம்பிக் காலை நனைத்தது கூட உறைக்கவில்லை.

ஹாலில் பெஞ்சின் மேல் மாமா கிடந்தார். நல்லகாமன் அவளுக்கு மாமனார். அதற்கு முன்பே அம்மாவின் கூடப்பிறந்த தாய்மாமன். காலையில் காப்பியோடு போய் எழுப்பியபோது உடம்பு சில்லிட்டிருந்தது. பனியன் நனைந்து நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. தெருமுனை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "ஹார்ட் அட்டாக்காத்தான் இருக்கும். தூக்கத்துலயே போயிட்டாரு, குடுத்து வச்சவரு" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டார். பனியனைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை.

சர்க்கரை வியாதி என்று தெரிந்த அன்றே பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் மட்டும் இருக்கக் கூடாது, சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும், வேர்த்துக் கொட்டும், ஆளை அடித்துவிடும் என்று. அதை அன்றைக்குக் கேட்டுக்கொண்டவள் நாகஜோதி ஒருத்திதான். புருஷன் முத்துப்பாண்டி பஸ் டிப்போவில் மெக்கானிக், லீவு கிடைக்கவில்லை.

அன்று டாக்டர் சொன்ன இன்னொன்று, ராத்திரியில் சோற்றைக் குறைத்துக்கொண்டு சப்பாத்தி சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது. குறைக்கச் சொன்னது டாக்டர். அடியோடு நிறுத்தியது நாகஜோதி. எதிலும் அரைகுறை அவளுக்குப் பிடிக்காது. கோதுமையைக் கழுவி மொட்டை மாடியில் காயவைத்து, தல்லாகுளத்து மில்லில் கூடவே நின்று அரைத்து வாங்கி, சத்துப் போய்விடும் என்று சலிக்காமல் தவிட்டோடு பிசைவாள். எண்ணெய் ஒரு சொட்டு கிடையாது.

செக்கானூரணிப் பக்கம் ஆயுசு முழுக்க நெல் விளைவித்துச் சோறு தின்ற மனுஷன். முதல் நாள் சப்பாத்தியை மரியாதையாகத் தின்று முடித்துவிட்டுத் தட்டின் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாமா, கை கழுவலையா?"

"பலகாரம் முடிஞ்சிருச்சு. சோத்தக் கொண்டா ஆத்தா."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆபீஸில் போய்ச் சொல்லி அங்கேயும் சிரிக்க வைத்தாள். சோறு வரவே வராது என்று புரிந்துகொள்ள அவருக்குப் பல நாள் பிடித்தது. காலில் ஆறாமல் கிடந்த புண் ஆறியபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் கோதுமையின் அருமையைச் சொல்லி ஓய மாட்டாள். மாமா மட்டும், "அருமதேன். மாட்டுக்குத் தவிடு போட்ட கைக்கு, ஆண்டவன் அதையே திருப்பிக் குடுக்குறான்" என்பார்.

நேற்று வீட்டில் கருவாட்டுக் குழம்பு. வாசனைக்கு மாமா அடுக்களை நிலைப்படி வரை வந்துவிட்டார். மாத்திரையை அவர் கையில் கொடுத்து, தண்ணீரும் கொடுத்து, விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் அவள் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டாள்.

"ஆத்தா, கருவாட்டுக் கொழம்புக்குச் சப்பாத்தியா? இன்னைக்கி ஒரு நா, ரெண்டே வாய் சோறு போடு."

அடுப்பில் பிள்ளைகளுக்கு வடித்த சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது. அவளுக்கு ஆபீஸில் திட்டு வாங்கிய எரிச்சல். போதாக்குறைக்கு, முந்தின நாள் டெஸ்டில் சர்க்கரை ஏறியிருந்தது.

"ரெண்டு வாய் ரெண்டு வாய்னு திருட்டுத்தனமாத் தின்னுதான இம்புட்டு ஏறியிருக்கு? சப்பாத்திதேன். இஷ்டம்னா திங்கிங்க, இல்லேன்னா பட்டினியாக் கெடங்க."

மாமா கோபப்படவில்லை. "சரி ஆத்தா" என்று போய்விட்டார். சப்பாத்தியைச் சுட்டு ஹாட்பாக்ஸில் வைத்து, அதை அவர் கட்டிலருகே டங்கென்று வைத்துவிட்டு வந்தாள். பசித்தால் தின்பார் என்று நினைத்தாள். தின்றாரா என்று போய்ப் பார்த்திருக்கலாம். வீம்பு விடவில்லை. விடிந்து, செத்தவரைத் தொட்டுப் பார்த்த கையோடு முதலில் அந்த டப்பாவைத்தான் அடுக்களைக்குத் தூக்கி வந்தாள்.

தெருவில் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பாண்டியம்மாள் தலைவிரி கோலமாக இறங்கி ஓடிவந்தாள். மாமாவுக்கு மூத்த மகள், நாகஜோதிக்கு மதினி. "எங்கய்யாவச் சோறு போடாமக் காயப் போடுறா" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள். இன்றைக்கு என்ன வெடிக்கப் போகிறதோ என்று பெண்கள் வழிவிட்டு நின்றார்கள். அவளோ அப்பனின் காலைக் கட்டிக்கொண்டு அழுது முடித்து, நாகஜோதியை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"நாந்தேன் ஒன்னப் பொல்லாப்புப் பேசுனேன் ஜோதி. நீ பாத்த பாட்டுக்குத்தேன் அவுக இம்புட்டு நாள் இருந்தாக." மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள்: "நேத்து ராத்திரி எங்கய்யா என்னத்தா சாப்பிட்டாரு?"

சாவு வீட்டில் எல்லோரும் கேட்கிற கேள்விதான். சுற்றி இருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு நாகஜோதியின் வாயைப் பார்த்தார்கள்.

"சப்பாத்தி மதினி" என்றாள் நாகஜோதி. "மூணு சாப்பிட்டாரு."

"வயிறாரச் சாப்பிட்டாரா?"

"ம்."

"அது போதும் தாயி. வெறும் வயித்தோட போகல எங்கய்யா." பாண்டியம்மாள் மறுபடி அழ ஆரம்பித்தாள். ஆனால் அந்த அழுகையில் இப்போது ஒரு நிம்மதி இருந்தது. அது நாகஜோதியின் உடம்பைக் கூசச் செய்தது.

சொன்ன பொய்க்குத் தடயம் உள்ளே டப்பாவில் இருந்தது. அடுக்களைக்குப் போய் ஒட்டினாற்போல் கதவைச் சாத்தினாள். வெளியே எறிய வழியில்லை. வாசல், கொல்லை எங்கும் ஜனம். பக்கத்து வீட்டுத் தங்கப்பொண்ணு வேறு டம்ளர் கேட்டு இரண்டு தரம் வந்து போனாள். நாகஜோதி சப்பாத்தியைப் பிய்த்து வாயில் போட்டாள்.

பிணத்தை வைத்துக்கொண்டு தின்கிறோமே என்று ஒரு பக்கம் நெஞ்சு அடித்துக்கொண்டது. மெல்லும்போது வாய்க்குள் தவிடு நெருநெருத்தது. தொண்டையில் இறங்க மறுத்தது. கல்லிலிருந்து சுடச்சுட எடுத்து ருசி பார்த்திருக்கிறாளே தவிர, ஆறிய சப்பாத்தியை அவள் தின்றதே இல்லை. அவளும் பிள்ளைகளும் சோறுதான். இதையா தினமும் தின்றார்? 'அருமதேன்' என்று சொல்லிக்கொண்டு, ஒரு நாளாவது தட்டைத் தள்ளாமல் இதையா தின்றார்?

கதவைத் தள்ளிக்கொண்டு முத்துப்பாண்டி வந்தான். எண்ணெய்க் கிண்ணம் தேடி வந்தவன், அவளுடைய உப்பிய கன்னத்தையும் கையில் இருந்த அரைச் சப்பாத்தியையும் பார்த்தான். டப்பாவில் மீந்து கிடந்ததையும் பார்த்தான். அவள் மெல்வதை நிறுத்தினாள். செத்துக் கிடக்கும் மாமாவே எழுந்து வந்து கேட்டிருந்தால்கூட அவள் அப்படி நடுங்கியிருக்க மாட்டாள்.

 அவன் செம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினான்.

"குடி. விக்கிக்கப் போவுது."

"ஏங்க, நான் நேத்து..."

"குடி ஜோதி." கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவளைத் திரும்பிப் பாராமல் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் வாசலிலிருந்து அவன் குரல் கேட்டது. யாரோ புதிதாக வந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "ராத்திரி மூணு சப்பாத்தி சாப்பிட்டுட்டு நல்லாத்தேன் படுத்தாரு அண்ணே." குரல் கடைசியில் உடைந்தது. நாகஜோதி மீதியையும் தின்று முடித்தாள்.

உச்சி வெயிலில் பாடைத் தேர் கட்டி முடிந்தது. மாமாவைக் குளிப்பாட்டித் திருநீறு பூசி, மாலை போட்டு வாசலில் கிடத்தியிருந்தார்கள். பங்காளிகளில் மூத்தவரான பேயாண்டிச் சித்தப்பா தட்டில் அரிசியை ஏந்திக்கொண்டு தலைமாட்டில் நின்றார்.

"பொம்பளையாளுக வாய்க்கரிசி போட்டுட்டு வெலகுங்க. பொழுது போகுதுல்ல."

பாண்டியம்மாள் சுற்றி வந்து போட்டாள். அடுத்து நாகஜோதி. மற்றவர்கள் பேருக்குக் கொஞ்சம் எடுத்தார்கள்; இவள் கை நிறைய அள்ளினாள். உதட்டில் விழுந்த அரிசி நிற்காமல் தாடையில் வழிந்து கழுத்து மாலைக்குள் உருண்டது. மூன்று தரம் போட்டுவிட்டு நான்காவது தரம் தட்டில் கை வைத்தாள்.

"போதும்த்தா" என்றார் பேயாண்டி.

"ரெண்டு வாய், சித்தப்பா."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தட்டை மார்போடு இழுத்துக்கொண்டு, ஆகட்டும் என்று அடுத்த பெண்ணைப் பார்த்தார். நாகஜோதி நகரவில்லை. குனிந்து, மாலையில் சிக்கியிருந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மாமாவின் உதட்டின் மேல் வைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற பெண்கள் காத்திருந்தார்கள்.