லிஃப்ட்டுல மாட்டின லிஃப்ட் ஆபீஸ்காரன்

அம்மா, அப்பா, அக்கா, மூணு பேருக்கும் சேர்த்தே சொல்லிடறேன். நான் பேசப் பேச போனே எழுதிக்குது. நடுவுல எங்கயாவது உளறியிருந்தா அது போன் தப்பு இல்ல, நான்தான்.

அக்கா போன வாரம் ஒரே ஒரு கேள்வி கேட்டா. "லீவு முடிஞ்சு திரும்பப் போறியே, அந்த சனி ஞாயிறு போனை மறுபடி வாங்கிக்கப் போறியா, மாட்டேன்னு சொல்லப் போறியா?" இதுக்கு ஒரு வார்த்தைல பதில் சொல்லலாம். எனக்குத்தான் ஒரு வார்த்தைல எதுவும் முடிஞ்சதே இல்லையே.

அப்பாவுக்கு அந்தப் போன் கதை முழுசாத் தெரியாது. எங்க கம்பெனி லிஃப்ட் ரிப்பேர் பாக்குற கம்பெனி. எந்த பில்டிங்ல யாரு மாட்டிக்கிட்டு பட்டனை அமுக்கினாலும் எங்க ரூம்ல மணி அடிக்கும். நான் எடுத்துப் பேசி மெக்கானிக்கை அனுப்பணும். அவ்வளவுதான் வேலை. சனி ஞாயிறு ஆபீஸ் கிடையாது, அதனால அந்த அழைப்பெல்லாம் ஒரு போனுக்கு வரும். அதை யாராவது வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும். வேலைக்குச் சேர்ந்த புதுசுல "யாரு எடுத்துக்கறீங்க"ன்னு மேனேஜர் மேடம் கேட்டாங்க. எல்லாரும் அவங்கவங்க ஷூவைப் பாத்தாங்க. நான் கையைத் தூக்கினேன். விசால வந்து வெளிநாட்டுல வேலை பாக்குறவன், கையைத் தூக்கினா நாடு கடத்த மாட்டாங்கன்னு ஒரு கணக்கு.

அப்புறம் அந்தக் கையை இறக்கவே இல்ல. குளிக்கும்போது போனை பிளாஸ்டிக் பைல போட்டு குழாய்ல மாட்டி வச்சேன். சினிமாவுக்குப் போனா கதவு பக்கத்து சீட்டு. கடைசில ஒருநாள் மணி அடிச்சது, எடுத்தேன், பேச்சு வரல. அழுகைதான் வந்துச்சு. லிஃப்ட்டுக்குள்ள மாட்டியிருந்த ஆளு எனக்கு ஆறுதல் சொன்னாரு. "தம்பி, நான் நல்லாத்தான் இருக்கேன், நீ முதல்ல தண்ணி குடி"ன்னாரு. இப்படித்தான் டாக்டர், இப்படித்தான் லீவு.

ஓய்வெடுக்கறதுலயும் நான்தான் முதல் ரேங்க். அலாரம் வச்சு எந்திரிச்சு ஓய்வெடுத்தேன். மூச்சுப் பயிற்சியை வேக வேகமா முடிச்சேன். அடுத்த தடவை போனப்ப டாக்டர்கிட்ட, "மத்தவங்களோட பாக்கும்போது நான் எப்படி ஓய்வெடுக்கறேன்?"னு கேட்டேன். அவரு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு.

உங்க யாருக்கும் சொல்லாத விஷயம் ஒண்ணு. மெக்கானிக்குங்க எங்க எங்க இருக்காங்கன்னு காட்டுற ஆபீஸ் மேப் என் சொந்தப் போன்லயும் இருந்துச்சு. லீவுல வந்தப்புறமும் அதை அழிக்கல. பூங்கா பெஞ்சுல உக்காந்து, மரத்தைப் பாக்குற மாதிரி போனைப் பிடிச்சுக்கிட்டு, எங்க மெக்கானிக் ஸ்பானர் அண்ணன் எந்தத் தெருவுல போறாருன்னு பாத்துட்டு இருப்பேன். அவரு தப்பான பக்கம் திரும்பினா நான் பெஞ்சை விட்டு எந்திரிச்சு நின்னுடுவேன். அவரு டீ குடிக்கத் திரும்பியிருப்பாரு, பாவம்.

சரி, விஷயத்துக்கு வரேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் மேனேஜர் மேடம் கூப்பிட்டிருந்தாங்க, எப்படித் திரும்பறதுன்னு பேசி முடிவு பண்ண. "போன் வேண்டாம் மேடம்"னு சொல்ல வழியெல்லாம் ஒத்திகை பாத்துக்கிட்டே, நடுநடுவுல மேப்பையும் பாத்துக்கிட்டே போனேன். எங்க ஆபீஸ் அஞ்சாவது மாடி. லிஃப்ட்டுல ஏறினேன். கூட மேல் மாடி பல் டாக்டர். நாலைத் தாண்டினதும் ஒரு குலுக்கல். நின்னு போச்சு.

ஊருக்கெல்லாம் லிஃப்ட் பாக்குற கம்பெனி. எங்க தலைக்கு மேலதான் அந்த ஆபீஸ். சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சுடுங்க.

பல் டாக்டர் முகம் வெளிறிப் போச்சு. நான் பட்டனை அமுக்கினேன். ஸ்பீக்கர்ல கரகரன்னு ஒரு சத்தம். உடனே நான் என்ன பண்ணேன் தெரியுமா? "வணக்கம், லிஃப்ட் உதவி மையம், பயப்படாதீங்க, எத்தனை பேர் உள்ள இருக்கீங்க?"ன்னு கேட்டேன்.

அந்தப் பக்கம் இருந்து, "அதை நான்ல கேக்கணும்?"னு ஒரு குரல். நீச்சல்தான். நான் லீவுல போனதும் என் நாற்காலில உக்காந்த பொண்ணு. ஷிஃப்ட் முடிஞ்ச மறு நிமிஷம் பையைத் தூக்கிட்டு நீச்சல் கிளாஸுக்குக் கிளம்பிடுவா, அதனால அந்தப் பேரு.

"ரெண்டு பேர். ஒருத்தருக்கு வேர்க்குது. நம்ம பில்டிங்தான். நீ உடனே ஸ்பானர் அண்ணனைக் கூப்பிடு, அவரு பக்கத்துத் தெரு பேங்க் வாசல்லதான் இருக்காரு."

"அவரு சாப்பிட்டுட்டு இருக்காரு. நான் வேற ஆளை அனுப்பிட்டேன். அரை மணி ஆகும்."

"அரை மணியா! வேற யாரை? அந்தக் குட்டை அண்ணனா? அவரு ஆஸ்பத்திரி பக்கம் இருக்காரு, பாலம் வழியா வந்தா டிராஃபிக், பின்பக்கமா வரச் சொல்லு."

பல் டாக்டர் என் சட்டையைப் பிடிச்சு இழுத்தாரு. "சார், எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க லிஃப்ட்டுக்குள்ள இருக்கீங்களா, வெளிய இருக்கீங்களா?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள ஸ்பீக்கர்ல இன்னொரு குரல். மேனேஜர் மேடம். "தம்பி, நீங்க லீவுலதானே இருக்கீங்க? யாரு எந்தத் தெருவுல நிக்கறாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அம்மா, லிஃப்ட்டுக்குள்ள ஒளியறதுக்கு இடமே கிடையாது. சத்தியமா நாலு மூலையும் பாத்தேன்.

"சும்மா... ஒரு ஆர்வத்துல மேடம்."

"வெளிய வாங்க, பேசிக்கலாம்"னாங்க. அதுல எனக்குக் கேட்டது 'வெளிய' மட்டும்தான். வேலை போச்சு, விசா போச்சு, பெட்டி கட்டணும், பெரிய பெட்டியோட ஜிப் பிஞ்சிருக்கே, அதுவரைக்கும் போயிட்டேன்.

நீச்சல் மட்டும் அசரல. "அண்ணா, காத்து வருதா? விளக்கு எரியுதா? யாருக்கும் அடிபடலையே? அப்ப ரெண்டு பேரும் கீழ உக்காருங்க. கதவைத் தொடாதீங்க. நான் லைன்லயே இருக்கேன். இங்க பாக்குறது என் வேலை, நீங்க உக்காருறது உங்க வேலை."

உக்காந்தேன். போனை எடுத்தேன், உள்ள சிக்னல் இல்ல. மேப் பாக்க முடியல, மெசேஜ் பாக்க முடியல, யாரையும் அனுப்ப முடியல. எனக்கும் சேர்த்து வேற யாரோ பாத்துக்கிட்டு இருந்தாங்க. பல் டாக்டர் அவரோட மாமியாருக்குப் பல் கட்டின கதையை ஆரம்பிச்சாரு. அந்தம்மா வாயைத் திறந்தாங்களா இல்லையான்னு கேளுங்க, எனக்குத் தெரியாது. நான் தூங்கிட்டேன்.

ஆமாக்கா. மெத்தை, மாத்திரை, மழைச் சத்தம் போடுற ஆப் எதுவும் தூங்க வைக்காத ஆளு, பல் டாக்டர் தோள்ல சாஞ்சு தூங்கிட்டான்.

கதவு திறந்தப்ப வெளிய குட்டை அண்ணன், நீச்சல், மேனேஜர் மேடம், இன்னும் பாதி ஆபீஸ். எனக்கு வாய் பொளந்திருக்கு. பல் டாக்டர் அவங்களைப் பாத்து விரலை உதட்டுல வச்சாராம். "மெதுவா. இப்பதான் பல்லைக் கடிக்கறதை நிறுத்தினாரு. பின்பக்கப் பல்லு ரெண்டும் தேஞ்சிருக்கு, நாளைக்கு என்னை வந்து பாக்கச் சொல்லுங்க." மனுஷன் அந்த நேரத்துலயும் வாடிக்கை பிடிச்சுட்டாரு.

மேடம் ரூம்ல போய் உக்காந்தேன். திட்டு வரும்னு தோளைச் சுருக்கிக்கிட்டேன். அவங்க, "முதல்ல அந்த மேப்பை உங்க போன்லேர்ந்து எடுங்க, என் கண்ணு முன்னாடி"ன்னாங்க. எடுத்தேன். பல்லு பிடுங்கின மாதிரி இருந்துச்சு. அப்புறம் அவங்க மேஜை டிராயரைத் திறந்து அந்தப் போனை எடுத்து நடுவுல வச்சாங்க. "நீங்க இல்லாதப்போ இதை வெளி ஆளுங்ககிட்ட கொடுத்திருந்தோம். இன்னியோட அவங்க ஒப்பந்தம் முடியுது. திரும்ப எடுத்துக்கறீங்களா?"

ஒத்திகை பாத்ததெல்லாம் ஆவியாப் போச்சு. "வேண்டாம் மேடம்"னு சொன்னேன். சொன்ன வேகத்துலயே "சாரி"ன்னேன். "ஞாயித்துக்கிழமை காலைல மட்டும் வேணா..."ன்னு இழுத்தேன். அப்புறம், "இல்ல மேடம், அதுவும் வேண்டாம்." ஒரே மூச்சுல மூணு பதில். மேடம் எந்தப் பதிலை எடுத்துக்கறதுன்னு தெரியாம என்னையே பாத்தாங்க.

"கடைசியா சொன்னதுதான் மேடம். எடுத்தா எனக்கு மறுபடி முடியாமப் போயிடும். என் வேலை காண்ட்ராக்ட்டை நீட்டிக்கற விஷயத்துல நீங்க என்ன முடிவு பண்ணாலும் சரி." சொல்லிட்டேன்.

மேடம் வாசல் பக்கம் பாத்து, "நீச்சல், நீ எடுத்துக்கறியா?"ன்னாங்க. மேடம் வரைக்கும் அந்தப் பேரு போயிருக்கு, பாருங்க. அவ பையைத் தோள்ல மாட்டிக்கிட்டே, "சனிக்கிழமை போட்டி இருக்கு மேடம், தண்ணிக்குள்ள எடுக்காது"ன்னுட்டுக் கிளம்பிட்டா. இவ்வளவு ஈஸியாவா? எனக்குக் கோபமே வந்துச்சு. இதுக்கா நான் குழாய்ல பிளாஸ்டிக் பை கட்டித் தொங்கவிட்டேன்?

போன் மேஜைல கிடக்குது. என் வலது கை மெதுவா அது பக்கம் போகுது. சத்தியமா நான் அனுப்பல, அதுவாப் போகுது. இழுத்துத் தொடைக்கு அடில போட்டு அது மேலயே உக்காந்துக்கிட்டேன். மேடம் போனை எடுத்து அவங்க கைப்பைல போட்டுக்கிட்டாங்க. "இந்த சனி ஞாயிறு நானே பாத்துக்கறேன். ஒரு போன்தானே."

ஒரு போன்தான். ஆமா மேடம்.

இன்னிக்குத் திங்கட்கிழமை. அரை நாள் வேலைன்னு பேசியிருக்கு, கொஞ்ச நாளைக்கு. போனேன். மேடம் முகம் வீங்கி, முடியைப் பின்னாடி ரப்பர்ல அள்ளி முடிஞ்சு உக்காந்திருந்தாங்க. என்னைப் பாத்ததும், "ஒரு கல்யாண மண்டபத்து லிஃப்ட். மொத்தமா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க. ஒவ்வொருத்தரும் தனித்தனியா எனக்குப் போன் பண்ணாங்க"ன்னாங்க. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இதை நீங்க தனியாவா வச்சிருந்தீங்க இத்தனை நாளா?"

நான் போய்க் கம்ப்யூட்டரை ஆன் பண்ணேன். பதில் சொன்னா அழுகை வரும், மறுபடி யாராவது தண்ணி குடின்னு சொல்லுவாங்க.

மத்தியானத்துக்குள்ள மேடமே எல்லாரையும் கூப்பிட்டு, போன் இனிமே முறை வச்சு ஆளாளுக்கு மாறும், எடுத்தவங்களுக்கு அடுத்த வாரத்துல ஒருநாள் லீவுன்னு சொல்லிட்டாங்க. எல்லாரும் மறுபடி அவங்கவங்க ஷூவைப் பாத்தாங்க. இந்தத் தடவை நானும் பாத்தேன். என் ஷூ இவ்வளவு அழுக்குன்னு எனக்கே தெரியாது. ஆனா முறைன்னா எல்லாருக்கும் முறைதான். என் முறை அடுத்த மாசம் வரும். வந்தா பயப்படுவேன், அதுல சந்தேகமே வேண்டாம். அது முடிஞ்சதும் வேற ஒருத்தர் கையில கொடுத்துடுவேன், அது போதும்.

அப்பா, காண்ட்ராக்ட் நீட்டிப்பாங்களான்னு கேக்காதீங்க. நானே இன்னும் கேக்கல. சம்பளம் கொஞ்ச நாளைக்குக் குறைச்சல்தான், அம்மாகிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க. அக்கா, உன் கேள்விக்குப் பதில்: மாட்டேன்னு சொல்லிட்டேன். ஒரு வார்த்தைதான், கொஞ்சம் சுத்தி வந்துடுச்சு.