வலி: பூஜ்யம்

இர்பித் ஊரின் ஒரு மருத்துவமனையில், புற்றுநோய் வார்டு நர்சுகளுக்கு வலி தணிக்கும் முறைகளைக் கற்றுக்கொடுக்க தலைநகர் அம்மானிலிருந்து வந்திருந்தாள் ருதைனா. ஒரு வாரம் கத்தியதில் தொண்டை கட்டியதுதான் மிச்சம். வகுப்பில் எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசி நாள் வார்டுக்குள் போய்ப் பார்த்தால், கட்டிலுக்குக் கட்டில் தொங்கிய அட்டையில் ஒரே கதை. வலி: பூஜ்யம்.

ஹாஜி முஃப்லிஹ் கட்டிலிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. பாக்தாத் சாலையில் காலமெல்லாம் லாரி ஓட்டியவர். இப்போது முதுகெலும்பில் புற்று. மகன் கொண்டுவந்த ஆட்டிறைச்சிச் சோறு தொடப்படாமல் ஆறிக் கிடந்தது. விரல்கள் போர்வை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தன.

"இவருக்கு வலியே இல்லையா, உம்மு ஸைத்?"

மூத்த நர்ஸ் இத்திதாலை உம்மு ஸைத், அதாவது ஸைதின் அம்மா என்றுதான் வார்டே கூப்பிடும்.

"கேட்டேனே. அல்ஹம்துலில்லாஹ்ன்னாரு. நோயாளி சொல்றதை நம்பணும்னு நீங்கதானே சொன்னீங்க, டீச்சரம்மா?"

ருதைனாவுக்கு மண்டை காய்ந்தது. "அது அல்லாஹ்வுக்குச் சொன்ன நன்றி. உங்களுக்குச் சொன்ன பதில் இல்ல."

கட்டில் ஓரமாய் உட்கார்ந்தாள். "ஹாஜி, எங்க வலிக்குது?"

"அல்ஹம்துலில்லாஹ், மகளே. அவன் கொடுத்ததைக் குறை சொல்ல மாட்டேன்."

"குறை சொல்ல வேணாம். லாரியை ஷெட்டுல விட்டா, சத்தம் எங்கேருந்து வருதுன்னு மெக்கானிக்கிட்ட சொல்வீங்கல்ல? அப்படிச் சொல்லுங்க."

கிழவர் கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

"பின் ஆக்சில் போயிடுச்சும்மா. புரண்டு படுத்தா உயிரே போவுது. தூங்கி எத்தனையோ நாளாச்சு."

இத்திதாலின் முகம் வெளிறியது. "என்கிட்ட ஏன் சொல்லல, ஹாஜி?"

"நல்லா இருக்கீங்களான்னு கேட்ட. நல்லா இருக்கேன்னேன்."

டாக்டர் மார்ஃபின் எழுதிக் கொடுத்தார். ஆனால் மருந்து அலமாரிச் சாவி இத்திதாலின் உள்ளங்கைக்குள்ளேயே இருந்தது.

"பழகிப்போயிடும். மூச்சு நின்னா யார் பதில் சொல்றது?"

"உக்கார முடியாத மனுஷன், பழகிப்போய் எங்க ஓடப் போறாரு? முதல் நாள் வகுப்பே இதைப் பத்தித்தானே? தலையாட்டினீங்களே?"

"அது வகுப்பு. இவரு நிஜ ஆளு."

ருதைனா குரலைத் தாழ்த்தினாள். "சரி. குறைஞ்ச அளவுல ஆரம்பிப்போம். நானும் பக்கத்துலயே இருக்கேன்."

மருந்து உள்ளே போனது. வேலை நேரம் முடிந்தும் இத்திதால் வீட்டுக்குப் போகவில்லை. ஹாஜியின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்தபடி நின்றாள். பிற்பகல் அஸர் தொழுகைக்குள் விரல்கள் போர்வையை விட்டுவிட்டன. அவர் குறட்டை விட்டார். குறட்டை நின்ற போதெல்லாம் இத்திதால் குனிந்து அவர் மூக்கருகே கை வைத்தாள். விழித்தவர் சோற்றைக் கேட்டார். தயிர்க்குழம்பு போதவில்லை என்று மகனைத் திட்டினார்.

இத்திதால் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க, அடுத்த கட்டிலுக்குப் போவோம்" என்றாள் ருதைனா.

"அங்க எதுக்கு? அவங்களுக்கெல்லாம் நிஜமாவே வலி இல்ல, டீச்சரம்மா."

ருதைனா சுவரில் நெற்றியை வைத்து ஒரு நீண்ட மூச்சு விட்டாள். பிறகு அடுத்த கட்டிலை நோக்கி நடந்தாள். முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தாள் இத்திதால்.