திரும்பிப் போன எட்டு மூட்டை

நாகஜோதி எழுதிக் கொடுத்த தாளைச் சுமையா மேடம் இரண்டாம் முறையாகத் திருப்பி நீட்டினாள்.

“எங்க பாத்தாலும் ‘மேடம் சொன்னபடி செய்தேன்’னே எழுதிருக்கீங்க. சம்பளத்த ஒங்களுக்குக் கூட்டணுமா, எனக்குக் கூட்டணுமா?”

அருப்புக்கோட்டையில் அந்தப் பருத்தி அரைவை ஆலையைக் காசிம் பாய் நடத்திய வரைக்கும் இந்தத் தொல்லை இல்லை. மகள் சுமையா பொறுப்புக்கு வந்ததும், சம்பள உயர்வு வேண்டுமென்றால் அவரவர் வேலையை அவரவரே மதிப்பிட்டு எழுதித் தர வேண்டும் என்றாகிவிட்டது.

“நீங்களா முடிவெடுத்த ஒரு காரியத்த எழுதுங்க. நாளைக்குக் காலையில குடுத்துருங்க. அத வச்சுத்தான் நான் வாப்பாகிட்டப் பேச முடியும்.”

நாகஜோதிக்கு அந்தச் சம்பள உயர்வு வந்தே ஆக வேண்டும். வந்தால், திருப்பூரில் கிடக்கும் புருஷன் அழகுராஜா ஊருக்கே வந்து, குறைந்த கூலிக்கானாலும் இங்கே விசைத்தறியில் சேர்ந்துகொள்ளலாம். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்துக்கொள்ளும் குடும்பமாக மூன்று வருஷம் ஓடிவிட்டது.

அவள் தானாக முடிவெடுத்த காரியம் ஒன்று இருந்தது. அதை எழுதத்தான் கை வரவில்லை.

வந்திறங்கும் மூட்டைகளில் ஈரமானியைக் குத்திப் பார்த்துப் பருத்திக்குத் தரம் போடுவது அவள் வேலை. மாசி மாதம், மேடம் மதுரைக்குப் போயிருந்த ஒரு நாள், மினி வேனில் எட்டு மூட்டை வந்தது. குத்தியதுமே முள் எகிறியது. எடை கூடுவதற்காகத் தண்ணீர் தெளித்த பருத்தி. கொண்டு வந்து சிரித்தபடி நின்றவர் அவளுடைய மாமனார் சின்னச்சாமி. அவள் அவர் முகத்தைப் பார்க்காமலே, ‘ஈரம் அதிகம், எடுக்க இயலாது’ என்று சீட்டு எழுதி நீட்டிவிட்டாள்.

அதன் பிறகு பத்து நாள் அவர் மருமகளோடு பேசவில்லை. காப்பி வேண்டுமென்றால்கூட வாசலில் கட்டிக் கிடந்த ஆட்டிடம்தான் சொன்னார். இப்போதுதான் பேச்சு சரியாகியிருந்தது. இதை எழுதி, ஆலை முழுக்க அவர் பேர் நாற வேண்டுமா?

சாயங்காலம் எம்.ரெட்டியபட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தவள், யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். ‘காரியாபட்டி வியாபாரி ஒருவர் கொண்டு வந்த எட்டு மூட்டைகளை’ என்று தொடங்கி எழுதி முடித்தாள். அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு எழுந்து ஓடினாள். திரும்பி வந்தால், தாள் சின்னச்சாமி கையில்.

“யாருத்தா இந்தக் காரியாபட்டிக்காரன்?”

“மாமா… அது வந்து, ஒங்க பேரு வேணாமேன்னு…”

“எட்டு மூட்ட எம் மூட்ட. வேன் வாடகை நாங் குடுத்தேன். பத்து நாள் ஆட்டோட பேசிக் கேவலப்பட்டதும் நானு. பேரு மட்டும் எவனோ ஒருத்தனுக்கா?”

உள்ளேயிருந்து மாமியார் தங்கலட்சுமி சிரித்தாள். “தண்ணி தெளிச்சவுகளுக்கு வந்த ரோசத்தப் பாரு!”

“நீ சும்மா கெட. ஏத்தா, இதுல பாதிதான இருக்கு? வெயில்ல மூணு நாள் காயப் போட்டுத் திரும்பக் கொண்டாந்தேன்ல, அப்ப நீயே முதத் தரம்னு சீட்டுப் போட்டேல்ல? அது எங்க? அதையும் எழுது. சின்னச்சாமின்னு முழுசா எழுது.”

மறுநாள் காலையில் சுமையா மேடம் தாளை வாய்விட்டுப் படித்தாள். பாதியில் நிமிர்ந்தாள்.

“சின்னச்சாமி யாரு?”

“எங்க மாமனார் மேடம். அவுகதான் பேரப் போடச் சொன்னாக.”

மேடம் சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. தாளோடு அப்பாவின் அறைக்குப் போனவள், டீ வருவதற்குள் திரும்பி வந்தாள்.

“வாப்பா சரின்னுட்டாங்க. நீங்க கேட்டது அப்படியே, அடுத்த மாசத்துல இருந்து.”

நாகஜோதி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு போன் போட்டாள். “என்னங்க, ரூமக் காலி பண்ணிட்டு வாங்க.”

“வாரேன் ஜோதி. இந்த மாசத்தோட வாரேன்,” என்றான் அழகுராஜா. “அப்பா காலையில இருந்து மூணு தடவ போன் போட்டுட்டாரு. ஒன்னையக் கேக்க வெக்கமாம். அந்த முதத் தரம்ங்கிற வரிய மேடம் படிச்சாகளா?”

“சத்தமாவே படிச்சாகன்னு சொல்லுங்க,” என்றாள்.

போனை வைத்ததும் அப்படியே பஞ்சு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தாள். நேற்று மதியத்துக்குப் பிறகு இப்போதுதான் அவளுக்குப் பசித்தது.