ஜாம் பாட்டிலில் ஒரு கலவை

தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவருக்குக் கலங்கலாக எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. உறவுக்காரர் வீட்டில் குடிக்கக் கொடுத்தாலும் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். மானம் போகிறது என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். மகள் மட்டும், "அப்பா, பாஸா ஃபெயிலா?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

ஓயாமல் கேள்வி கேட்பதால் அவர் அவளுக்கு வைத்த பெயர் கேள்வித்தாள். பத்து வயது. ஏழு மாதத்துக்கு முன்னால், மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாள்.

அவள் விட்டுப்போன வீட்டுப்பாடம் ஒன்று ஜன்னலோர அலமாரியில் இருந்தது. ஒரு ஜாம் பாட்டிலில் மணல், உப்பு, இரும்புத்தூள். வெளியே அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'கலவை. பிரித்துக் காட்டுக.' ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து பிரிக்கலாம் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஞாயிறு கூடுதல் ஷிஃப்ட் என்று போய்விட்டார், பாவி மனுஷன். அடுத்த ஞாயிறு அவள் இல்லை.

மனைவி தினமும் பாட்டிலைத் துடைத்து, கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதே இடத்தில் வைப்பாள். அவரோ அந்தச் சீட்டு கண்ணில் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்.

மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து மூடியைத் திறந்தார். காகிதம் சுற்றிய காந்தத்தால் இரும்புத்தூளை எடுத்தார். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றிக் கலக்கினார், உப்பு கரைந்தது. வடிதாளில் ஊற்றியதும் மணல் மேலே தங்கியது, கரைசல் தெளிவாகக் கீழே இறங்கியது. "பார்த்தியா, மணல் கரையாது," என்று காலி நாற்காலியிடம் சொன்னார். கரைசலை அடுப்பில் வற்றவிட்டார். வெள்ளையாக உப்பு படிந்தது. பாட்டிலையும் வாஷ்பேசினில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவினார். மூன்று தட்டு, மூன்று சீட்டு. இந்த ஏழு மாதத்தில் அன்றுதான் அவர் நெஞ்சு கொஞ்சம் லேசானது.

மனைவி வந்தாள். தட்டுகளைப் பார்க்கவே இல்லை. காலி பாட்டிலை எடுத்துத் திருப்பினாள்.

"உள்ள கண்ணாடியில ஒரு முடி ஒட்டியிருந்துச்சே."

"என்ன முடி?"

"அவ கலக்கும்போது விழுந்த முடி. அதைத்தானே நான் தினம் பார்த்துக்கிட்டிருந்தேன்."

அவருக்கு ஞாபகம் வந்தது. பிரஷில் சுற்றிக்கொண்டது. அழுக்கு என்று குழாயைத் திறந்து ஓடவிட்டிருந்தார்.

குனிந்து, வாஷ்பேசினுக்குக் கீழே இருந்த வளைகுழாயைக் கழற்றினார். வாளியில் கறுப்புச் சகதி விழுந்தது. விரலால் துழாவினார். ஒன்றல்ல, ஒரு கொத்து முடி வந்தது. மனைவி தலைவாரும் இடம் அதுதான். மகளுக்கும் அங்கேதான் பின்னிவிடுவாள். ஒவ்வொன்றாக அலசி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எல்லாம் ஒரே கறுப்பு.

"எது அவளோடது? நீ சொல்லு," என்று குழந்தை மாதிரி அழுதார்.

அவள் திட்டவில்லை. ஈரத்தரையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பாட்டிலை நீட்டினாள்.

"பிரிக்க வேண்டாங்க. எல்லாத்தையும் போடுங்க."