கசாப்புக் கடையில் ஒரு சிவப்பு

ஜப்பானின் நிகாதாவில் பிறந்த மிட்சுயோ, ஜெர்மனியின் டுசல்டோர்ஃபில் எங்கள் வீட்டு மாடியில் பல வருடமாகக் குடியிருக்கிறாள். அரூப ஓவியம் வரைவாள், மண்பாண்டம் சுடுவாள், குறும்படமும் எடுப்பாள். அவள் படைப்புகளை விற்றுவந்த காட்சிக்கூட முதலாளி லோதருக்கு அதுதான் தலைவலி.

“நீங்க ஓவியரா, குயவரான்னு வாங்க வர்றவங்க கேக்கறாங்க. ஏதாவது ஒண்ணுல நில்லுங்க மேடம்.”

“ஒரே இடத்துல நிக்கவா ஜப்பான்லேர்ந்து இவ்வளவு தூரம் வந்தேன்?” என்றவள், எல்லாவற்றையும் வண்டியிலேற்றி வந்துவிட்டாள்.

பிறகு வேறெந்தக் கூடமும் அவளை அழைக்கவில்லை. பயந்துதான் போனாள். ஆனாலும் எங்கள் தெருவில் மூடிக்கிடந்த கசாப்புக் கடையை வாடகைக்குப் பிடித்தாள். கொக்கிகளில் ஓவியங்களை மாட்டி, வெட்டுமேசையில் சட்டிகளை அடுக்கினாள். குளிரறையில் குறும்படம் ஓடியது.

முதலில் வந்தவள் முன்பு அந்தக் கசாப்புக் கடையை நடத்திய ஹெட்விக். முழுச் சிவப்பாக இருந்த ஓவியத்தின் முன் வெகுநேரம் நின்றாள்.

“இது என்னம்மா?”

“ஒண்ணுமில்ல, சிவப்புதான்.”

“அப்பாடா! இங்க செவப்பப் பாத்தாலே கத்திய எடுக்கணும் எனக்கு. இன்னிக்குத்தான் சும்மா நின்னு பாக்கறேன்.”

மறுநாள் அவள் சீட்டாட்டத் தோழிகளையும் கூட்டிவந்தாள். பேச்சு ஊரெல்லாம் பரவியது. கோடையில் லோதரே வந்து, மூன்றையும் சேர்த்து ஒரே கண்காட்சியாக வைக்கலாமா என்று கேட்டார். மிட்சுயோ சம்மதித்தாள்.